பில் இல்லாத பழைய பாகம்: பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணைப் பாருங்கள்

"பில் எங்கேயோ போய்விட்டது, ஆனால் வாரண்டி இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது." பழைய கம்ப்யூட்டர் பாகம் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதற்காக, பில் இல்லை என்றதுமே வாரண்டி கிடையாது என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

நான் செய்த தவறையே சொல்கிறேன். தெரிந்தவர் மூலமாக 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். லேபிளில் இருந்த தேதிப்படி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆறாவது மாதம் டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தால், 'இது கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கப்பட்டது, வாங்கிய இடத்தில் கேளுங்கள்' என்று வந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியது என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. இரண்டு நிமிட வேலை அது. பணம் கொடுக்கும் முன் செய்திருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டிலுமே சீரியல் எண்ணை வைத்து வாரண்டியைப் பார்க்கலாம். எண்ணை விற்பவர் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் போதாது, லேபிளின் படத்தைக் கேளுங்கள். நேரில் போகும்போது, டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் தெரியும் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் தெரியும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியவை என்று விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது.

பிராசசரில் வேறு சிக்கல். இன்டெல் நிறுவனம் பெட்டியில் போட்டு விற்கும் பிராசசருக்கு அந்த நிறுவனமே நேரடியாக வாரண்டி தரும், பொதுவாக 3 வருஷம். பெட்டியில்லாமல் மொத்தமாகப் போகும் 'டிரே' பிராசசருக்கு விற்றவர்தான் பொறுப்பு. ஆகவே பெட்டி இருந்தால் அதையும் சேர்த்தே வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த பாகம் என்றால், இங்கே வாரண்டி செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பில் இல்லாதபோது சில நிறுவனங்கள் தயாரித்த தேதியில் இருந்தே கணக்குப் போடும். கடையில் எட்டு மாதம் கிடந்திருந்தால் அந்த எட்டு மாதம் போனதுதான். சில நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தரும். இதை விற்பவரிடம் கேட்பதைவிட வாரண்டி விதிகளில் நீங்களே படித்துப் பார்ப்பது நல்லது.

சரி, தொலைந்த பில் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா? ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர் பக்கத்தில் இருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். கடையில் என்றால், வாங்கியபோது கொடுத்த போன் நம்பரைச் சொல்லி நகல் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்த பில்லில் சீரியல் எண் இருந்தால் பாகத்தோடு ஒப்பிடுங்கள். வேறு பில்லைத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அது மோசடி, மாட்டிக்கொள்வது நீங்கள்.

எந்த வழியிலும் வாரண்டி உறுதியாகவில்லையா? அப்புறம் வாரண்டி இல்லாத பொருளுக்கு உண்டான விலையைப் பேசுங்கள். அவர் இறங்கி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு பாகம் கிடைக்கும்.