உளுந்தை அறுவடை நேரத்திலேயே வாங்கி வையுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் இருப்பவர்கள் உளுந்தை மாசாமாசம் பாக்கெட்டில் வாங்காதீர்கள். சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈர வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும், அப்போது தெரிந்த விவசாயியிடம் தோலோடு முழு உளுந்தாகவே கேளுங்கள், உடைத்துத் தோல் நீக்கி பாக்கெட் போடும் செலவெல்லாம் அந்த விலையில் இருக்காது, அவருக்கும் காசு கையோடு கிடைக்கும். வாங்கும்போது ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் சரி. பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, முழுசாக ஆறிய பிறகே டின்னில் கொட்டுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும். கூடவே நாலைந்து காய்ந்த மிளகாய். இட்லிக்கு ஊறவைத்துக் கசக்கினால் தோல் தானாக மிதந்து வரும்.