விசிலுக்கு முன்னால் ஒரு வார்த்தை

புதுச்சேரியில் செவன்ஸ் ரக்பிக்கு, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு, நடுவராக நிற்கிறேன். கடலூரிலிருந்தும் பையன்கள் வந்து ஆடுவார்கள். பெரிய தொல்லை ஒன்றுதான். ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் முட்டித் தள்ளும்போது, விசில் அடித்தால் போதும், நாலு பேர் சூழ்ந்துகொண்டு "சார், அவன்தான் சார்!" என்பார்கள்.

டாஸுக்கு முன்பே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். "என்கிட்ட பேசுறது நீங்க மட்டும்தான். வேற யாராவது எதிர்த்துப் பேசினா பெனால்டி 10 மீட்டர் முன்னால போகும்" என்றேன். தலையாட்டினார்கள். முதல் பாதியிலேயே ஒருமுறை அதைச் செய்தும் காட்ட வேண்டியிருந்தது. அப்புறம் சத்தம் பாதியாகக் குறைந்தது.

ஆனால் நிஜமான மாற்றம் வந்தது விசிலுக்கு முன் பேசியதில்தான். டாக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது) முடிந்ததும் "ஏழு, விடு!" ரக் அமைந்தால் "கையை எடு!" ரக்கில் தன் அணி பின்னால் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றால் "நீலம், பின்னால போ!" நம்பரோ நிறமோ சொல்லாமல் பொதுவாகக் கத்தினால் ஒருவனும் தன்னைச் சொன்னதாக நினைக்க மாட்டான். கடற்காற்று வேறு பாதிக் குரலைத் தின்றுவிடும். அதனால் இரண்டே சொல், ஒவ்வொரு முறையும் அதே சொல். கேட்டு நகர்ந்துவிட்டால் ஆட்டம் ஓடட்டும். நகராவிட்டால் விசில், கை சைகை, காரணம் ஒரே வரியில். விவாதம் கிடையாது.

அதே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் கேப்டனிடம், "அடுத்து யார் செஞ்சாலும் மஞ்சள்" என்று மெதுவாகச் சொல்வேன். செவன்ஸில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் ஆறு பேரோடு ஆட எந்தக் கேப்டனுக்கு மனசு வரும்? மீதியை அவரே பார்த்துக்கொள்கிறார்.