பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியருக்கு

பத்தொன்பது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஆரம்பத்தில் பாஸ்டில் சிறை உடைப்பிலிருந்துதான் தொடங்குவேன். பிள்ளைகள் மனதில் தலை வெட்டும் கில்லட்டின் நின்றது, ‘தேசம்’ என்ற சொல் நிற்கவில்லை. இப்போதெல்லாம் ஓட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

நாற்பது பேர் வகுப்பு என்றால், ஒரே ஒரு பிள்ளையை உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். மதகுருமாரும் பிரபுக்களும் சேர்ந்தே மக்கள்தொகையில் ஏறக்குறைய அவ்வளவுதான். மீதி முப்பத்தொன்பது பேரும் மூன்றாம் பிரிவு, அதாவது மற்ற மக்கள் எல்லாரும். உப்பு வரி இருக்கட்டுமா, வேண்டாமா என்று ஓட்டு எடுங்கள். பிரிவுக்கு ஓர் ஓட்டு என்பதுதான் அன்றைய வழக்கம், அதனால் நாற்காலிக்கு இரண்டு ஓட்டு. மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. இரண்டாவது முறை தோற்றதுமே வகுப்பில் கூச்சல் கிளம்பும். அடக்காதீர்கள். 1789 ஜூன் 17 அன்று வெர்சேயில் மூன்றாம் பிரிவின் பிரதிநிதிகள் ‘நாங்களே தேசிய சபை’ என்று அறிவித்ததை அந்தக் கூச்சலுக்கு நடுவில் சொல்லுங்கள். ரத்தத்தையோ மதத்தையோ வைத்து அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரம் யாருடையது என்று கேட்டார்கள். தேசத்துடையது என்று பதிலும் சொன்னார்கள். ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் மூன்றாவது ஷரத்து அதையே சொல்கிறது. அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

அப்புறம் வரைபடம். 1790இல் பழைய மாகாணங்களைக் கலைத்து 83 மாவட்டங்களாக வெட்டி, பெரும்பாலும் ஆறு, மலைகளின் பெயர்களை வைத்தார்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

மொழிக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். 1794இல் கிரெகுவார் என்ற பாதிரியார், தேசிய மாநாடு என்ற அன்றைய சட்டசபையில் ஓர் அறிக்கை வைத்தார். குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது, இன்னொரு 60 லட்சம் பேரால் அதில் கோர்வையாகப் பேச முடியாது என்று அவர் கணக்குச் சொன்னார். வட்டாரப் பேச்சுகளை ஒழிக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், ஓட்டுக் கேட்டப்போ அவங்களும் தேசம்தானே?” என்றாள். இந்தப் பாடத்தில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கேள்விதான். உரிமையில் பிறந்த தேசம் ஐந்தே வருடத்தில் ‘எங்களைப் போலப் பேசு’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஹைட்டியை விட்டுவிடாதீர்கள். அப்போது பிரான்சின் காலனியாக இருந்த அந்தக் கரும்புத் தீவின் அடிமைகள் 1791இல் எழுந்தார்கள். 1794இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவரப் பார்த்தார். 1804 ஜனவரி 1 அன்று அவர்கள் தனி நாடானார்கள். கரும்பலகை ஓரத்தில் இருக்கும் வரியை நிஜமாகவே நம்பியவர்கள் அவர்கள் என்பது என் எண்ணம்.

கடைசி வகுப்பில் 1956க்கு வாருங்கள். அந்த ஒரே வருடத்தில் இலங்கை சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. இந்தியா மொழிவாரியாக மாநில எல்லைகளை வரைந்தது. இரண்டையும் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, எது அதோடு பொருந்துகிறது, ஏன் என்று கேளுங்கள். கை தூக்குகிற பிள்ளையை முழுதாகப் பேச விடுங்கள். மணி அடித்துவிட்டால் மறுநாள் அதே பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்.