சுமை தாங்கும் கவுண்டர்பேலன்ஸ் வால்வைப் பொருத்தி அமைத்தல்

ஹைட்ராலிக் சிலிண்டர் தூக்கி நிறுத்திய சுமையை, ஹோஸ் வெடித்தாலும் விழாமல் பிடித்து வைப்பதே கவுண்டர்பேலன்ஸ் வால்வின் முதன்மையான வேலை. ஆகவே அதைச் சிலிண்டரின் சுமை தாங்கும் போர்ட்டிலேயே (எண்ணெய் வாயிலேயே) நேரடியாகப் பொருத்த வேண்டும். இடையில் ஒரு சாண் நீள ஹோஸ் இருந்து அது வெடித்தால், வால்வு இருந்தும் பயனில்லை.

அடுத்து, அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர், பிஸ்டனின் முழுப் பரப்பில் 10 டன் சுமையைச் செங்குத்தாகத் தாங்கினால், உள்ளே ஏறத்தாழ 125 பார் அழுத்தம் உண்டாகும். பொதுவாக வால்வை அதிகபட்சச் சுமை அழுத்தத்தைப் போல 1.3 மடங்கில், அதாவது இங்கே சுமார் 163 பாரில், திறக்கும்படி அமைப்பது வழக்கம்.

வால்வின் அழுத்த அளவை மாற்றும் திருகைத் தொடுமுன் சுமையை முழுவதும் இறக்கி, அல்லது உறுதியான முட்டுக் கொடுத்து, சிலிண்டரில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் வலஞ்சுழியாகத் திருகினால் அழுத்தம் கூடும் என்று பழகிய கை இங்கே ஏமாறக்கூடும். சில தயாரிப்புகளில் அவ்வாறு திருகினால் அழுத்தம் குறைந்து சுமை இறங்கிவிடும் என்பதால், தயாரிப்பாளரின் குறிப்பைப் படிக்காமல் திருகவே கூடாது.

சுமையை இறக்கும்போது பம்பிலிருந்து வரும் பைலட் அழுத்தம் வால்வைத் திறக்க உதவும்; அது சுமையின் அழுத்தத்தைவிட எத்தனை மடங்கு வலுவாகத் திறக்கிறது என்பதே பைலட் விகிதம். இறங்கும்போது சுமை குலுங்கினால், 10:1 போன்ற உயர் பைலட் விகிதத்துக்குப் பதிலாக 3:1 விகித வால்வைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இறக்குவதற்குக் கூடுதல் பம்ப் அழுத்தம் தேவைப்படும், ஆனால் இயக்கம் சீராகும். எண்ணெய் செல்லும் திசையை மாற்றும் டைரக்‌ஷனல் வால்வின் நடுநிலையில் பைலட் வழி டாங்கிக்குத் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அழுத்தம் தேங்கினால் கவுண்டர்பேலன்ஸ் வால்வு முழுவதும் மூடாது.