பிரிண்டரில் கறுப்பு மட்டும் வரவில்லையா? ஹெட் கிளீனிங்கை அழுத்தும் முன்...

இங்க்ஜெட் பிரிண்டரில் கலர் படம் பளிச்சென்று வரும். ஹால் டிக்கெட்டோ ஆதார் நகலோ கொடுத்தால் வெள்ளைத்தாள்தான் வெளியே வரும். உடனே எல்லாரும் ஹெட் கிளீனிங்கை, அதாவது தாளில் மை தெளிக்கும் ஹெட்டை மெஷினே சுத்தம் செய்துகொள்ளும் வசதியை, அழுத்துவார்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு முறையும் எல்லா நிற மையும் உள்ளே வீண் மையை உறிஞ்ச வைத்திருக்கும் வேஸ்ட் பேடுக்குப் போகிறது. அதன் கணக்கு நிரம்பினால் மெஷினே அச்சடிக்க மறுத்துவிடும். எனவே முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை குறைவு: டிஸ்டில்டு வாட்டர், கண்ணாடி துடைக்கும் பஞ்சு உதிராத துணி, கிச்சன் டிஷ்யூ, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், பழைய செய்தித்தாள். தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் போர் தண்ணீரின் உப்பு பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிறது. ஹெட்டில் மை வரும் துளையான, முடியைவிட மெல்லிய நாசிலில் என்ன செய்யும்? கேன் தண்ணீரிலும் தாது உண்டு. பேட்டரி கடையில் கேட்டால் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும், ஜி.என்.டி. சாலை லாரி ஷெட் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் ஹெட் பக்கம் கொண்டு போகாதீர்கள். ரப்பரும் ஒட்டுப் பசையும் கெடும்.

படி 1: நாசில் செக்

மை அளவைக் கண்ணால் பாருங்கள். எல்210, எல்350 போன்ற பழைய எப்சன்களில் டேங்க் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் லாக் (மெஷினைத் தூக்கிச் செல்லும்போது மையை அடைக்கும் திருகி), பிரிண்ட் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு நாசில் செக் எடுங்கள், அதாவது ஒவ்வொரு நிறமும் கோடுகளாக அச்சாகும் சோதனைத் தாள். எப்சன் எல்3110 என்றால் ஸ்டாப் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை ஆன் செய்தால் போதும், கம்ப்யூட்டர் தேவையில்லை. மற்றவற்றில் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் மென்பொருளான டிரைவரின் மெயின்டனன்ஸ் பக்கத்தில் இருக்கும்.

நாசில் செக்கில் கறுப்பு முழுதாக வந்தால் மெஷினில் கோளாறு இல்லை. டிரைவரில் பேப்பர் வகையைப் பாருங்கள். கேனன் ஜி வரிசையில் கறுப்பு பிக்மென்ட் மை (நுண்துகள் கலந்தது), கலர்கள் டை மை (கரைந்த சாயம்). போட்டோ பேப்பர் என்று தேர்வாகியிருந்தால் கறுப்பை விட்டுவிட்டு மூன்று கலரையும் கலந்து கறுப்பு போடும், எழுத்து மங்கும். பிளெயின் பேப்பர் என்று மாற்றினால் தீர்ந்தது.

படி 2: இரண்டு தாளை ஒப்பிடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு கிளீனிங் கொடுத்து இரண்டாவது நாசில் செக் எடுங்கள். இரண்டு தாளையும் அருகருகே வையுங்கள்.

விட்டுப்போன கோடுகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் மை காய்ந்த அடைப்பு. இடம் மாறி மாறி விட்டுப்போனால் அடைப்பு இல்லை, காற்று. டேங்க் காலியான பிறகும் அச்சடித்திருந்தால் டியூபுக்குள் காற்று ஏறியிருக்கும். மொபைல் டார்ச் அடித்தால் கறுப்பு டியூபில் இடைவெளி தெரியும். கறுப்பு அடியோடு இல்லை என்றால் படி 3.

காற்று என்றால் மூன்று கிளீனிங்குக்கு மேல் வேண்டாம். ஆஃப் செய்துவிட்டு 12 மணி நேரம் சும்மா விடுங்கள். குமிழிகள் அடங்க அந்த நேரம் வேண்டும். மறுநாள் ஒரு கிளீனிங்கில் சரியாவது சகஜம். அப்போதும் வராவிட்டால்தான் பவர் கிளீனிங், அதாவது டியூபில் உள்ள மையை முழுதாக இழுத்து மாற்றும் பலமான கிளீனிங். அதற்கு எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும்; குறைவாக இருந்தால் புதிதாகக் காற்றை இழுத்துக்கொள்ளும்.

படி 3: கேப்பைச் சோதியுங்கள்

ஹெட் வலப்பக்கம் போய் நிற்கும் இடத்தில், ரப்பர் விளிம்பு வைத்த சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதுதான் கேப். கிளீனிங்கின்போது அது ஹெட்டில் ஒட்டிக்கொள்ள, கீழே உள்ள பம்ப் மையை உறிஞ்சும். விளிம்பில் காய்ந்த மை திட்டுத்திட்டாக இருந்தால் ஒட்டாது. பம்ப் மைக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். ஓட்டை ஸ்ட்ராவில் ஜூஸ் குடிக்கிற கதை. எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் பலன் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பக்கம் அச்சடிக்கக் கொடுத்து, ஹெட் நடுவுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது ஹெட்டைக் கையால் மெதுவாக நகர்த்தலாம். பின்னால் ஓடும் ஒளி ஊடுருவும் மெல்லிய பட்டையைத் தொடாதீர்கள். அதில் கைப்பிசுக்கோ மையோ பட்டால் ஹெட் இடம் தெரியாமல் முட்டும்.

ஈரத்துணியால் கேப் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். காட்டன் பட்ஸ் எனக்குப் பிடிக்காது, நார் உதிரும். சிரிஞ்சால் தொட்டிக்குள் விளிம்பு வரை தண்ணீர் சொட்டுங்கள், வழியக் கூடாது. பிளக்கை மாட்டி ஒரு கிளீனிங். மறுபடி ஹெட்டை நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் பம்ப் நலம். அப்படியே நின்றால் பம்ப் டியூபில் அடைப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை மணி ஊறவைத்து மறுபடி முயலுங்கள். ஊறும் நேரத்தில் ஹெட்டை ஈர டிஷ்யூ மேல் நிறுத்துங்கள், காயக் கூடாது.

படி 4: ஹெட்டை ஊறவைத்தல்

அடைப்பு என்று உறுதியானால் மட்டும். டிஷ்யூவை விரல் அகலத்துக்கு மடித்து நனைத்து, ஹெட் போகும் பாதையில் வைத்து, ஹெட்டை மேலே கொண்டு வந்து 15 நிமிடம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கறை தெரியும். வீடியோக்களில் சிரிஞ்சை டியூபோடு ஹெட்டில் மாட்டி அழுத்துவார்கள். செய்யாதீர்கள். அழுத்தத்தில் உள்சவ்வு கிழியலாம். தண்ணீர் சர்க்கியூட்டில் இறங்கினால் ஹெட் போயே போச்சு.

எச்பி கார்ட்ரிட்ஜிலும் கேனன் ஜி வரிசையிலும் ஹெட்டைக் கழற்றலாம் என்பதால் வேலை சுலபம். நாசில் பக்கத்தை வெதுவெதுப்பான ஈர டிஷ்யூவில் இரண்டு நிமிடம் ஒற்றுங்கள். மின்தொடர்புக்கான செம்புப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். டிஷ்யூவில் கறுப்பு தெளிவாகப் பதிந்தும் தாளில் வரவில்லை என்றால் உள்ளே மையைச் சூடாக்கித் தெளிக்கும் ஹீட்டர் எரிந்திருக்கிறது. சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். எப்சனில் ஹெட் மாற்றும் முன் விலையைக் கேளுங்கள். மெஷின் விலைக்கு நெருங்கினால் வேண்டாம்.

பின்சேர்க்கை

சரியான பிறகும் சில நாளில் திரும்ப வந்தால் சுவர் சுவிட்சைச் சந்தேகியுங்கள். பிரிண்டர் பட்டனில் ஆஃப் செய்தால்தான் ஹெட் கேப்புக்குள் போய் மூடிக்கொள்ளும். சுவிட்சை நேராக அணைத்தாலோ அச்சு நடுவில் கரண்ட் போனாலோ ஹெட் திறந்தே கிடந்து காயும். கரண்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து பட்டனில் ஆஃப் செய்யுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் லிட்டர் மை வாங்குவதானால் டையா பிக்மென்டா என்று கேட்டு, உள்ளே இருக்கும் அதே வகையை மட்டும் ஊற்றுங்கள். எல்3110-க்கான 003 மை டை வகை. அதில் பிக்மென்டைக் கலந்தால் டியூபுக்குள்ளேயே கட்டி தட்டும். வாரம் ஒரு தாளாவது கறுப்பும் கலருமாக அச்சடியுங்கள்.