சிறுதொழிலில் இரண்டாவது வருமானம்: எங்கே தொடங்குவது, எதைக் கணக்குப் பார்ப்பது

நடக்கிற தொழிலோடு இன்னொன்றைச் சேர்க்க நினைத்தால், முதலில் 4 வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வாடிக்கையாளர் கேட்டு, "இல்லை" என்று சொல்லி அனுப்பியவை ஒரு பக்கம். மெஷினும் ஆளும் சும்மா இருந்த நேரம் எதிர்ப்பக்கம். பலர் கேட்ட ஒரு பொருளை அந்தச் சும்மா நேரத்தில் செய்ய முடியுமானால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

1957-இல் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் தொழில் வளர்ச்சிக்கு நான்கு வழிகளை வகுத்தார். பொருளும் புதிது, வாங்குபவரும் புதிது என்பதே அவற்றில் ஆபத்து அதிகமானது. சிறுதொழில் ஒரு சமயத்தில் ஒன்றை மாற்றினால்தான் தாங்கும். பில் புத்தகம் அடிக்கும் அச்சகம் அதே கடைகளுக்கு லேபிளும் அடித்துக் கொடுக்கலாம். லாபம் என்று யாரோ சொன்னதை நம்பிச் செல்போன் உதிரிபாகம் விற்கப் போனால் சரக்கும் தெரியாது, வாங்குபவரையும் தெரியாது.

மெஷின் வாங்க அவசரம் வேண்டாம். முதல் 3 மாதம் மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்யக் கொடுத்து வாங்குங்கள். லாபம் குறையத்தான் செய்யும். ஆனால் வாங்கியவர் திரும்ப வருகிறாரா என்பது தெரிந்துவிடும். முதல் ஆர்டர் தெரிந்த முகத்துக்காக வரும், இரண்டாவதுதான் பொருளுக்காக வருவது. இதில் போடும் பணம் முழுக்கப் போனாலும் 3 மாத வாடகை, சம்பளம், கடன் தவணைக்குக் கையில் இருக்க வேண்டும். இருக்கிற லைசென்சும் இன்சூரன்சும் புது வேலைக்குச் செல்லுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பலரும் சறுக்குவது கணக்கில். புதுப் பொருளில் விற்பனை 100 என்றால் மூலப்பொருள் 55, ஜாப் ஒர்க் 20, வண்டிச் செலவும் சேதாரமும் 10, மிச்சம் 15. லாபம் போலத்தான் தெரியும். ஆனால் அதற்கு உங்கள் நேரம் 2 மணி போனால், ஒரு மணி நேரத்துக்கு 7.5. பழைய வேலையில் 3 மணி நேரத்தில் 30 மிஞ்சுகிறது, அதாவது மணிக்கு 10. சும்மா இருந்த நேரத்தில் செய்தவரை சரி. பழைய வேலையின் நேரத்தைத் தின்றால் ஒவ்வொரு மணிக்கும் 2.5 நஷ்டம்.

பணம் முடங்கும் நாட்களையும் எண்ணுங்கள். சரக்கு 40 நாள் அலமாரியில், விற்ற பிறகு 45 நாள் கடன், சப்ளையருக்கு 15 நாளில் பணம் என்றால் 40 + 45 − 15 = 70 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. ஆர்டர் கூடக்கூடக் கை வறண்டுபோவது இதனால்தான். அட்வான்ஸ் வாங்குங்கள், சின்னச் சின்ன லாட்டாக எடுங்கள்.

பழைய வாடிக்கையாளரின் டெலிவரி ஒரே வாரத்தில் இரண்டு முறை தள்ளிப்போனால், புது ஆர்டர் எடுப்பதை அன்றே நிறுத்திவிட்டு, எந்த மெஷினில் அல்லது யாரிடம் வேலை தேங்குகிறது என்று பாருங்கள்.