எண்ணிக்கையோடு முதல் முறை பிளாக்ஜாக் மேசையில்

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் விழும் சீட்டுகளை வீட்டில் பிழையில்லாமல் எண்ணுகிறவரும் முதல் நாள் கேசினோவில் தடுமாறுவார். அங்கே வேகமும் சத்தமும் வேறு.

விழும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஹை-லோ முறை. அதில் 2 முதல் 6 வரை +1. 7, 8, 9 பூஜ்யம். பத்தும் படச்சீட்டுகளும் ஏஸும் −1. 52 சீட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யம் வர வேண்டும். 30 விநாடிக்குள் தவறாமல் வரும்வரை மேசைப்பக்கம் போகாதீர்கள். ராஜாவும் ஐந்தும் சேர்ந்து விழுந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். இப்படி ஜோடியாகப் பார்க்கக் கண் பழகினால்தான் டீலரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியும்.

பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் வருவது) 3-க்கு 2, அதாவது பந்தயத்தில் ஒன்றரை மடங்கு தரும் மேசையில் மட்டும் உட்காருங்கள். 6-க்கு 5 என்றால் நகர்ந்துவிடுங்கள். சீட்டை ஓயாமல் கலைக்கும் இயந்திரம் இருந்தால் எண்ணுவதே வீண்.

புதியவர் அதிகம் சறுக்குவது ஓடும் எண்ணை, அதாவது கூட்டிக்கொண்டே வரும் மொத்தத்தை, அப்படியே நம்புவதில். எண் +6, இன்னும் 3 கட்டு சீட்டு பாக்கி என்றால், வகுத்து வரும் உண்மை எண் +2 மட்டுமே. பாக்கியைக் கழிவுத் தட்டில் குவிந்த, ஆடி முடித்த சீட்டுகளின் உயரத்தை வைத்துக் கணியுங்கள். உண்மை எண் +1 வரை குறைந்தபட்சப் பந்தயம். பெரிய சீட்டுகள் அதிகம் பாக்கியிருக்கும் +2 முதல் படிப்படியாக ஏற்றுங்கள். இன்ஷூரன்ஸ் (டீலருக்குப் பிளாக்ஜாக் வரும் என்று வைக்கும் தனிப் பந்தயம்) +3-க்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

பேச்சுக்கொடுத்து எண் மறந்துபோனால் ஊகிக்காதீர்கள், அடுத்த கலைப்பு வரை குறைந்தபட்சமே வையுங்கள். எண் சரியாக இருந்தும் மணிக்கணக்கில் தோற்கலாம். அதைத் துரத்திப் பந்தயத்தைக் கூட்டுவதுதான் கையிருப்பைக் காலிசெய்யும்.